நாற்பத்தொரு பேர் ஏன் போனார்கள்

ஆபீசில் அவளுக்கு ‘எங்கே அக்கா’ என்று பெயர். யார் எதைச் சொன்னாலும், எங்கே எழுதியிருக்கு என்று கேட்டுவிடுவாள். கதவைப் பூட்டிவிட்டேன் என்று கணவர் சொன்னால்கூடப் போதாது, எழுந்துபோய் இழுத்துப் பார்த்தால்தான் தூக்கம் வரும். பதினாறு வருஷம் அந்த வேலையைச் செய்தால் புத்தி அப்படித்தான் ஆகும்.

நோயாளிகளுக்கு நடப்பதைக் கூடவே இருந்து கவனித்து எழுதும் மருத்துவ ஆய்வுகள் உண்டு. அவை அச்சில் வந்ததும் இருபத்திரண்டு கேள்விகள் கொண்ட தாளை வைத்துச் சரிபார்ப்பது அவள் வேலை. எத்தனை பேரைச் சேர்த்தார்கள், நடுவில் எத்தனை பேர் விலகினார்கள், ஏன் விலகினார்கள் என்றெல்லாம் போகும். எழுதியிருந்தால் ஒன்று, இல்லையென்றால் சுழி. ஆய்வு நல்லதா கெட்டதா என்பது அந்தத் தாளின் கவலை இல்லை, சொல்ல வேண்டியதைச் சொன்னார்களா என்பதுதான். இதை எத்தனை தடவை சொன்னாலும் ஒருவர் மண்டையிலும் ஏறுவதில்லை. மதிப்பெண் அதிகமா, மருந்து நல்லது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

அவள் தங்கைக்குத் தீராத மூட்டுவலி. டாக்டர் புது மாத்திரை எழுதிக்கொடுத்து, மாதம் ஒருமுறை வந்து காட்டச் சொல்லி, அதைச் சாப்பிடுகிறவர்களைக் கவனித்து எழுதும் ஆஸ்பத்திரிப் பதிவேட்டிலும் பெயரைச் சேர்த்துக்கொண்டார். அந்த மாத்திரையைப் பற்றிய ஆய்வு இருபத்திரண்டுக்கு இருபத்திரண்டு வாங்கியது என்று கம்ப்யூட்டரில் காட்டினாராம். தங்கை இதைப் பெருமையாகச் சொன்னாள். அந்த மதிப்பெண்ணைப் போட்ட இருவரில் ஒருத்தி அக்காவே.

இருவர் தனித்தனியே மதிப்பெண் போட்டு, வித்தியாசம் வந்தால் பேசித் தீர்க்க வேண்டும் என்பது விதி. அன்று பக்கத்து மேஜைக்காரரோடு ஒரே கேள்வியில் இழுபறி. முந்நூற்றுப் பன்னிரண்டு பேரோடு தொடங்கிய ஆய்வு இருநூற்று எழுபத்தொருவரோடு முடிந்திருந்தது. மிச்ச நாற்பத்தொரு பேர் ஏன் போனார்கள் என்று ஒரு வரி இல்லை. அவள் சுழி போட்டிருந்தாள். எத்தனை பேர் என்று சொல்லியிருக்கிறார்களே, அது போதும் என்றார் அவர். அறிக்கை அன்றே போக வேண்டும், இருவருக்கும் பசி வேறு. போனால் போகிறது என்று சுழியை அழித்து ஒன்று போட்டுவிட்டாள்.

இப்போது தங்கையிடம் மாத்திரையை நிறுத்தச் சொன்னாள். தங்கை சிரித்தாள். பத்து வருஷத்தில் முதல்தடவையாக வலியில்லாமல் தூங்குகிறாளாம்.

“நிறுத்தணும்னு எங்கக்கா எழுதியிருக்கு?”

எங்கேயும் எழுதியிருக்கவில்லை. தான் அழித்த சுழியைப் பற்றிச் சொல்ல அக்காவுக்கு வாய் வரவில்லை. கோழைத்தனம்தான், வேறென்ன.

அன்றே அந்த ஆய்வாளர்களுக்குக் கடிதம் எழுதினாள். மூன்றாம் வாரம் மிக மரியாதையாகப் பதில் வந்தது. விலகியவர்களிடம் காரணம் கேட்கும் ஏற்பாடு இருக்கவில்லை, வராதவர்களை வரவில்லை என்றே குறித்தோம் என்றிருந்தது. அந்த வரியை அவள் மறுபடி படித்தாள். குணமானவர் வராமல் இருக்கலாம், வீடு மாறியவர் வராமல் இருக்கலாம். எழுந்து நிற்க முடியாதவரும்தான் வரமாட்டார்.

அரைநாள் லீவு சொல்லிவிட்டுத் தங்கை வீட்டுக்கு ஓடினாள். பகல் பதினொரு மணிக்கு ஜன்னல் திரையை இழுத்துவிட்டுப் படுத்திருந்தாள் தங்கை. திரையை விலக்கியதும் கண்ணின் வெள்ளை மஞ்சளாகத் தெரிந்தது. ரெண்டு வாரமாக வெறும் அசதிதான், மூட்டுவலி சுத்தமாகப் போய்விட்டது என்றாள். நேற்று ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாள். படி இறங்க முடியாமல், வரவில்லை என்று போனில் சொல்லிவிட்டாளாம்.

“ஏன் வரலன்னு கேட்டாங்களா?”

“இல்லக்கா. சரின்னு வச்சிட்டாங்க.”