கேன்டீன் வாசலில் சொன்ன சொல்

பன்னிரண்டு வருஷமாக, தொழிற்சாலையில் குழாய் பொருத்தும் பைப் பிட்டருக்கு ஒரே மனத்தாங்கல். அக்கா புருஷன் கிரேன் கேபினில் கண்ணசந்தார், தொங்கிய குழாய் இறங்கி இவருடைய இடது பாதத்தை நசுக்கியது. தூக்கிப் போகும்போதே பிட்டர் கேன்டீன் வாசலில் ஊரே கேட்கக் கத்தினார்: "குடிச்சிட்டு மேல ஏறியிருக்கான்யா அந்த ஆளு!"

அந்த ஆள் ஒரு சொட்டும் தொட்டவரில்லை. ஆனால் சொன்னவன் சொந்த மச்சானாயிற்றே, எல்லோரும் நம்பிவிட்டார்கள். கிரேன் பறிபோனது. ஸ்டோரில் உட்கார வைத்தார்கள். அங்கேயும் தூங்கி விழுந்தார். தூங்குமூஞ்சி என்ற பேரும் குடிகாரன் என்ற பேரும் சேர்ந்தே ஒட்டிக்கொண்டன.

ஒருநாள் அக்கா வந்து நின்றாள்.

"எனக்காக ஒரு தடவை வாடா. அவரைப் பெரிய டாக்டர்கிட்ட காட்டணும். ராத்திரியெல்லாம் குறட்டை, காலையில எந்திரிச்சா தலைவலி. பேசிட்டிருக்கும்போதே சாயுறாரு."

"குறட்டைக்கெல்லாம் டாக்டரா? மூக்குல துணி கிளிப்பை மாட்டி விடு."

சொன்னாரே தவிர, போனார்.

ஆஸ்பத்திரி பெஞ்சில், பட்டப்பகலில், மாமா உட்கார்ந்தபடியே தூங்கினார். மரம் அறுக்கிற குறட்டை. திடீரென்று நின்றது. நிம்மதியாகத் திரும்பிய பிட்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. நெஞ்சு எக்கி எக்கி அடங்குகிறது, மூக்கில் விரல் வைத்தால் காற்றே இல்லை. உலுக்கக் கை நீட்டியபோது, தண்ணீருக்குள்ளிருந்து தலைதூக்கியவர் போல மாமா ஒரு இழுப்பு இழுத்தார். கண் திறக்கவில்லை. மறுபடி குறட்டை. மறுபடி நின்றது.

ஓர் இரவு ஒயர்களை ஒட்டிப் பரிசோதித்த பிறகு டாக்டரம்மா சொன்னார்: "தூங்கும்போது தொண்டை தளர்ந்து அடைச்சுக்குது. மணிக்கு நாப்பது தடவை மூச்சு நிக்குது. ஒவ்வொரு தடவையும் மூளை அவரை எழுப்பி விடுது. வருஷக்கணக்கா இவர் சரியா தூங்கவே இல்லை."

"பாக்க குடிச்சவங்க மாதிரி இருக்குமாம்மா?"

"தெரியாதவங்க அப்படி நினைக்கலாம்."

பிட்டர் தன் வளைந்த பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தொண்டை அடைத்துக்கொள்ளாதபடி முகமூடி வழியாகக் காற்றை அழுத்தித் தரும் மெஷின் கொடுத்தார்கள். ஒரு வாரத்தில் மாமா அதை மூலையில் போட்டார். "புஸ்ஸு புஸ்ஸுன்னு சத்தம்தான் மச்சான், தூக்கத்தைக் காணோம்."

பிட்டர் அதை மாட்டச் சொல்லி, முகமூடியின் விளிம்பில் ஈரக்கையை ஓட்டினார். மேலுதட்டில் காற்று பீறிட்டது.

"லீக் இங்க இருக்கு. மீசை மேல வாஷர் எப்படி உட்காரும்? எடுத்துடுங்க."

"முப்பது வருஷ மீசைடா!"

"குழாய் வேலையில என்கிட்ட பேசாதீங்க மாமா."

மீசை போனது. தூக்கம் வந்தது. நாலு மாதம் மாமா பகலெல்லாம் விழித்திருந்தார்; பேப்பரைக் கடைசிப் பக்கம் வரை படித்தார். ஆனால் அத்தனை வருஷம் திணறிய இதயம் ஏற்கெனவே களைத்திருந்தது. வார்டில் படுக்க வைத்தார்கள். மதியம் பிட்டர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"மேனேஜர்கிட்ட பேசுறேன் மாமா. மறுபடி கிரேன் ஏறலாம்."

"ஏறி என்னடா பண்ணப் போறேன்? ஒண்ணு மட்டும் செய். சாப்பாட்டு நேரத்துல, எல்லாரும் இருக்கும்போது, அந்த கேன்டீன் வாசல்ல போய் நில்லு. நான் அன்னிக்குக் குடிக்கலைன்னு சொல்லு. அன்னிக்குக் கத்துனியே, அதே சத்தத்துல சொல்லு."