மகாவலியில் ஆறு மைல், காத்துமலையில் ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று படி

வெள்ளிக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்குப் பதுளையிலிருந்து மாட்டுவண்டி புறப்பட்டது. ஐந்தரை என்று பேச்சு. வாடகை நான்கு ரூபாய். அலுத்நுவரை முப்பத்தெட்டு மைல் என்பார்கள். நான் எண்ணிய மைல்கல் முப்பத்தேழுதான். ஒன்று விழுந்திருக்க வேண்டும், அல்லது நான் கண்ணயர்ந்திருக்க வேண்டும். பின்னதற்கு வாய்ப்பில்லை.

"என்னங்கய்யா, வாய்க்குள்ளயே முணுமுணுக்கிறீங்க? மந்திரமா?" என்று கேட்டார் வண்டிக்காரர் காத்தான்.

"மைல்கல் எண்ணுறேன்."

"எண்ணுனா ஊரு கிட்ட வந்துருங்களா?"

ஊவாத் தேயிலைத் தோட்டங்களில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர்கள் ஆண்டுக்கு ஒரு முறை கூடுவது வழக்கம். எந்தத் தோட்டத்தில் இடம் காலி, எந்தத் துரை முன்கோபி, யார் யாரோடு இடம் மாற்றிக்கொள்ளலாம் என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும். இதுவரை பதுளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கூடினோம். பகல் சாப்பாடு ஆனதும் பாதிப் பேர் கடைவீதிக்கு நழுவிவிடுவார்கள். எங்களுக்கு மருந்துச் சாமான் தருவிக்கும் கடைக்காரர் சோமசுந்தரம் செட்டியார் இம்முறை மகாவலியில் படகு பேசிவிட்டார். "ஆத்து நடுவுல எங்க ஓடுறாங்கன்னு பாப்போம்" என்றார்.

எனக்கு அந்தப் படகில் ஒரு காரியம் இருந்தது. வயது அறுபத்தெட்டு. பசறைக்கு மேலே, ஆட்கள் காத்துமலை என்று அழைக்கும் தோட்டத்தில் இருபத்தாறு வருஷமாக டிஸ்பென்சர். துறையூரிலிருக்கும் மகள், வந்துவிடுங்கள் என்று எழுதிய கடிதங்கள் பதினேழு. துரையும் போகச் சொல்லிவிட்டார். ஆனால் வேறொருவரை அமர்த்திக் கொடுத்துவிட்டுப் போ என்கிறார். அவர் சொல்லாவிட்டாலும் நான் அப்படியே போயிருக்க மாட்டேன். ஆட்களின் வரிசை வீடுகளான லயங்களில் முன்னூற்றுப் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள். அடுத்த மருந்தறை ஒன்பது மைல். மூன்று வருஷமாகத் தேடுகிறேன், ஒருவரும் வரச் சம்மதிக்கவில்லை. என் முழங்கால்கள் நான்காவது வருஷத்துக்குத் தாங்கா.

இரவு வழியில் தல்தெனையில் தங்கினோம். சோறும் பருப்பும் இருபத்தைந்து சதம். மூட்டைப்பூச்சிக்குக் காசு வாங்கவில்லை. சனிக்கிழமை மாலை அலுத்நுவரை ஆற்றங்கரை சேர்ந்தோம்.

ஞாயிறு காலை ஏழு மணி. படகு என்றது இரண்டு பெரிய வள்ளங்கள். அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் கட்டி மேலே பலகை பரப்பி, இலைக் கூரை போட்டிருந்தார்கள். என் அடியால் நீளம் இருபத்தெட்டு, அகலம் பதினொன்று. கழி ஊன்ற நான்கு பேர். ஆற்றோடு ஆறு மைல் கீழே போய், அங்கே காத்திருக்கும் வண்டிகளில் திரும்புவது ஏற்பாடு. பங்கு ஒன்றரை ரூபாய், சாப்பாட்டோடு. டிஸ்பென்சர்கள் பத்தொன்பது பேர், செட்டியார், பெண் ஒருவர், ஆக இருபத்தொருவர். எனக்கு நீச்சல் தெரியாது. விசாரித்ததில் இன்னும் பதினான்கு பேருக்குத் தெரியாது என்று அறிந்தேன். அதனால் ஆறுதல் உண்டாகவில்லை.

ஆடி மாதத்துத் தண்ணீர் பழுப்பாக, அவசரமில்லாமல் போனது. இரு கரையிலும் மருத மரங்கள் தண்ணீரின் மேல் சாய்ந்து நின்றன. அவற்றுக்கு மேலே அலுத்நுவரை புத்தர் கோயில் தாதுகோபத்தின் வெள்ளை நெடுநேரம் தெரிந்தது. முதலை இரண்டு. ஒன்று மரக்கட்டை என்று படகோட்டி சாதித்தார். நான் இரண்டென்றே குறித்துக்கொண்டேன்.

எட்டரைக்கு ஒவ்வொருவராக எழுந்து தத்தம் தோட்டத்தைப் பற்றிப் பேசினார்கள். ஸ்பிரிங்வெளிக்காரர் தம் வீட்டு வாசலில் ரோஜா பூப்பதைச் சொன்னார். ஹாலிஎலைக்காரர் நினைத்த நேரத்தில் பதுளைக்குப் போய்வரலாம் என்றார். என் முறை வந்ததும் செட்டியார் காதோடு சொன்னார்: "ஐயா, நல்லதை மட்டும் சொல்லுங்க."

நான் குறிப்பேட்டைத் திறந்தேன். இல்லாததைச் சொல்லி ஒருவரை அழைத்துப்போனால் அவர் மறுவாரமே இறங்கிவிடுவார். படிகளை அவரிடமிருந்து எப்படி மறைப்பது? வண்டிப் பாதையிலிருந்து மருந்தறைக்கு ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று படி என்று வாசித்தேன். மழை ஐந்து மாதம். ஒரு முறை ஏறினால் காலில் அட்டை இருபத்தேழு.

"அட்டைக்கும் பேர் பதிஞ்சு சம்பளம் குடுக்கிறாங்களா?" என்று ஓர் இளைஞர் கேட்டார். பெயர் தாமஸ், இடம் தேடி வந்தவர். படகே ஆடும்படி சிரித்தார்கள்.

நான் வாசிப்பதை நிறுத்தவில்லை. போன வருஷம் பிறந்த பிள்ளைகள் இருபத்திரண்டு. தங்கியது பதினாறு. அதற்கு யாரும் சிரிக்கவில்லை, என்னிடம் வரவுமில்லை. அடுத்தவர் எழுந்து தம் தோட்டத்துக் காய்கறிப் பாத்தியைப் பற்றிப் பேசத் தொடங்கினார். மணி ஒன்பது இருபது. என் காரியம் முடிந்துவிட்டது. ஆனால் படகிலிருந்து இறங்க வழியில்லை.

பத்தேகாலுக்குப் படகு மணல்திட்டில் ஏறி நின்றது. செட்டியார் உட்பட எல்லாரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கித் தள்ளினார்கள். மேலே நானும் அந்தப் பெண்ணும் மட்டுமே. அவர் தாமஸின் மனைவி அன்னம்மாள். கொழும்பில் பிரசவம் பார்க்கப் படித்தவர்.

"ஐயா, அத்தனை படியை எதுக்கு எண்ணினீங்க?"

இவரும் கேலிக்கு வருகிறார் என்று நினைத்தேன். "லயமெல்லாம் படிக்குக் கீழ. அங்க கிழவிங்கதான் பிரசவம் பாப்பாங்க. அவுங்களால முடியலைன்னாதான் கூடையில வெச்சு எங்கிட்ட தூக்குவாங்க. நானூத்திப் பத்தாவது படியில ஒரு பாறை, அங்க எறக்கலாம். எழுநூத்தி அறுபதுல தண்ணி. நடுவுல எங்கயும் எறக்க எடமில்லை. மழையில கண்ணு தெரியாது. எண்ணிக்கிட்டே வந்தாதான் தெரியும்."

"அந்த ஆறு பிள்ளைங்க?"

"ரெண்டு பாறையில போச்சு. ஒண்ணு தண்ணிகிட்ட. மூணு எங்கிட்ட வந்தப்புறம்."

"அவுங்களைத் தூக்காம, நீங்க எறங்கிப் போனா என்னங்க?"

"போனேம்மா. ஏழு தடவை. லயத்துக் காம்பரா வாசல்லயே நிறுத்திட்டாங்க. பிள்ளை பொறக்கிற எடத்துல ஆம்பளையை விடுவாங்களா?"

"நான் ஆம்பளையா?"

இருபத்தாறு வருஷமாக நான் படியை எண்ணினேன். இந்த ஒரு கேள்வி எனக்குத் தோன்றவில்லை.

அவர் எழுந்து, இடுப்பளவு தண்ணீரில் நின்ற கணவரைக் கூப்பிட்டார். "இங்க பாருங்க, நாம காத்துமலைக்குப் போறோம்."

"எதுக்கு, அட்டைக்கு மருந்து கட்டவா?"

"எனக்கு அங்க வேலை இருக்கு. ரோசாப்பூ பறிக்கவா நான் படிச்சேன்?"

"தாமசு, சரின்னு சொல்லிட்டுத் தள்ளுப்பா! கிழவர் ரெண்டு முதலை எண்ணி வெச்சிருக்காரு!" என்று தண்ணீரிலிருந்து செட்டியார் கத்தினார்.

பதினொன்றுக்குப் படகு நகர்ந்தது. தாமஸ் சொட்டச் சொட்ட வந்து என் அருகில் உட்கார்ந்தார். "ஏறிப் பாத்துட்டுதாங்க முடிவு சொல்லுவேன்" என்றார். அது நியாயம்.

அடுத்த ஞாயிறு இருவரும் ஏறினார்கள். அன்னம்மாள் வாய்விட்டு எண்ணிக்கொண்டே வந்து, பாறையிலும் தண்ணீரிலும் நின்று பார்த்தார். எண்ணிக்கை சரியாக இருந்தது. மருந்தறை வாசலில் தாமஸ் வேட்டியைத் தூக்கிக் கணுக்காலைக் காட்டினார்: "முப்பத்தி ஒண்ணுங்க. நீங்க கொறைச்சுதான் சொல்லியிருக்கீங்க." பிறகு பெட்டியை எங்கே வைப்பது என்று கேட்டார்.

நான் புறப்பட்டது புரட்டாசியில், ஒரு திங்கட்கிழமை. ஐந்தே காலுக்கு இறங்கத் தொடங்கினேன். கையில் தடி, என் இரண்டு பெட்டிகளும் முன்னே போயின. ஐந்நூற்றுச் சொச்சம் படியில் மேலிருந்து வேகமான காலடி கேட்டது.

"ஒதுங்கி நில்லுங்கய்யா!" அன்னம்மாள் பையோடு என்னைக் கடந்து இறங்கினார். "கீழ் லயம், ஒன்பதாம் காம்பரா. விடியறதுக்குள்ளயே ஆள் அனுப்பிட்டாங்க."

பண்டாரவளையில் ரயிலைப் பிடிக்க வேண்டும். ரயில் பாதை இன்னும் பதுளைக்கு வரவில்லை. வருமென்று வருஷத்துக்கு ஒரு முறையாவது சொல்கிறார்கள். ஆறரைக்கு வண்டிப் பாதைக்கு வந்தேன். காத்தான் மாட்டைப் பூட்டி நின்றார். நான் ஏறாமல் கீழ் லயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மணி ஏழாயிற்று.

"ஐயா, பதுளையில நான் கால் மணி பிந்தினதுக்கு ரெண்டு நாளு வைதீங்க" என்றார் அவர்.

"இரு, காத்தான்."

ஏழு இருபதுக்கு ஒரு பெண் லயத்திலிருந்து வெளியே வந்து, எங்களைப் பார்த்துக் கையை உயர்த்தினாள். "பொட்டப்புள்ளைங்கய்யா! ரெண்டு பேரும் சொகம்!"

வண்டியில் ஏறிக் குறிப்பேட்டைத் திறந்தேன். இந்த வருஷத்தின் பதினைந்தாவது பிறப்பு. நேரம், காம்பரா எண், பெண் என்று எழுதினேன். அதற்குப் பக்கத்தில், இத்தனை வருஷமாக நான் நிரப்பிவந்த இன்னொரு கட்டம் இருந்தது: தாயை எந்தப் படிவரை தூக்கி வந்தார்கள் என்பது. அதில் ஒரு சுழியம் போட்டுவிட்டு, வண்டியை விடச் சொன்னேன்.