மணிக்கட்டோடு நின்ற சிவப்பு

கடலில் சுறா கடிக்குமா என்று என்னைக் கேட்காத ஆள் என் கணவரின் ஊரில் ஒருவர்கூட இல்லை. நான் தங்கச்சிமடத்தில் மீன்பிடிக்கும் குடும்பத்தில் பிறந்தவள். ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் ஒரு நெல் கிராமத்தில் வாழ்க்கைப்பட்டு, அங்கேயே தொடக்கப்பள்ளியில் நான்காம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். வந்த புதிதில் பொறுமையாகப் பதில் சொன்னேன். எங்கள் தெருவில் சுறா கடித்த ஆள் எனக்குத் தெரிந்து யாரும் கிடையாது, சுறாவைக் கடித்தவர்கள்தான் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள், பிள்ளை பெற்றவளுக்குப் புட்டு செய்து கொடுப்பதே அதில்தான் என்றேன். யாரும் நம்பவில்லை. பிறகு நானும் விட்டுவிட்டேன்.

கடலில் நாங்கள் பயப்படுகிறவை எல்லாம் சின்னவை. முழங்கால் தண்ணீரில் மணலுக்குள் புதைந்து கிடக்கும் திருக்கை. அதன் வாலில் இருக்கும் முள் குத்தினால் ஆம்பிளைகளே அழுவார்கள். அதனால் எங்கள் ஊரில் தண்ணீருக்குள் காலைத் தூக்கி வைத்து நடக்க மாட்டோம், தரையைத் தேய்த்துத் தேய்த்துத்தான் நடப்போம். மணல் அதிர்ந்தால் அது தானாக விலகிப் போய்விடும். என் கணவர் முதன்முதலாக எங்கள் கடலில் இறங்கியபோது, கண்ணைத் தூரத்தில் சுறாவுக்காக வைத்துக்கொண்டு காலை ஒவ்வொன்றாகத் தூக்கித் தூக்கி வைத்தார். நான் கையைப் பிடித்துக் கரைக்கு இழுத்து வந்தேன்.

இதெல்லாம் தெரிந்த எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கரையில் ஒரே ஒரு பயம் உண்டு. அது நிலத்துப் பாம்பு. கடல் பாம்புக்கு அதைவிட விஷம் அதிகம் என்பார்கள், ஆனால் அதை யாரும் சட்டை செய்வதில்லை. வலையில் மீனோடு மீனாக வந்து கிடக்கும். தண்ணீரை விட்டு வெளியே வந்தால் அதற்குத் தெம்பு இருக்காது. வாலைப் பிடித்துத் தூக்கிக் கடலில் விசிறிவிட்டு அடுத்த மீனை எடுப்பார்கள். என் அப்பாவை நாங்கள் அய்யா என்றுதான் கூப்பிடுவோம், அவர் அதைச் செய்ததை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பேச்சைக்கூட நிறுத்த மாட்டார்.

அந்த அய்யாதான் ஆறு வருஷமாக என் வீட்டுக்கு வராமல் இருந்தார். கேட்டால் பாம்பு என்பார். வயக்காட்டுக்குள்ள வீடு கட்டிருக்காக, பாம்பு கெடக்கும், நமக்கு ஆகாது என்று அம்மாவிடம் சொல்லி அனுப்புவார். அம்மா மட்டும் பஸ் ஏறி வந்துபோவாள். கிறிஸ்துமஸுக்கு நாங்கள் போனால் மருமகனுக்கு நல்ல மீனாகப் பார்த்து வாங்கி வந்து தானே அரிந்து கொடுப்பார். ஆனால் வீட்டுக்கு வாங்க மாமா என்று என் கணவர் கூப்பிட்டதும் பாம்புக் கதை ஆரம்பமாகும். நான் எங்கள் மாதா கோயிலை விட்டு, திருநீறு பூசுகிற வீட்டில் கல்யாணம் செய்துகொண்டதுதான் காரணம் என்று எனக்குத் தெரியும். அவர் அதை ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். பாம்போடு எப்படிச் சண்டை போடுவது?

இந்த வருஷம் பொங்கல் முடிந்த வாரத்தில் ஒருநாள் காலை வாசலில் மீன் நிரப்பிய பனிக்கட்டிப் பெட்டியோடு வந்து நின்றார். காத்து சரியில்ல, போட்டு எதுவும் கடலுக்குப் போகல, அதான் வந்தேன் என்றார். அவ்வளவுதான் விளக்கம். நான் அழுதுவிடுவேனோ என்ற பயத்தில் பெட்டியை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குள் ஓடினேன். அன்று முழுவதும் வீட்டில் யாரும் பாம்பு என்ற சொல்லையே எடுக்கவில்லை. என் மாமியார் மட்டும், சம்பந்தி எங்கே படுப்பார் என்று கேட்டுக் கட்டிலை அவரே துடைத்துப் போட்டார். தரையில் படுத்தால் கட்டுவிரியன் வரும் என்பது அவருடைய கணக்கு. அது சரியான கணக்குதான். எங்கள் பக்கத்தில் தூக்கத்தில் கடிபட்டவர்கள் எல்லாம் தரையில் படுத்தவர்கள்.

மறுநாள் விடுமுறை. இயந்திரம் வைத்து அறுப்பு முடிந்து, கட்டிய வைக்கோல் கட்டுகள் வீட்டுக்குப் பின்னால் வயலில் கிடந்தன. காலை பத்து மணிக்கு மேகம் திரண்டது. காலம் தப்பிய மழை. என் கணவர் தார்ப்பாய் இரவல் வாங்க அடுத்த தெருவுக்குப் போனார். மாமியார் நூறு நாள் வேலைக்குப் போயிருந்தார். நான் சோறு வடிக்க உலை வைத்திருந்தேன். அய்யா சும்மா உட்காரத் தெரியாத மனுஷன். கட்டுகளைத் தூக்கி ஒரு பக்கமாகச் சேர்க்கிறேன் என்று வயலில் இறங்கினார்.

கால் மணி நேரத்தில் திரும்பி வந்தார். ஓடி வரவில்லை, நடந்துதான் வந்தார். வலது கை ஆள்காட்டி விரலில் ரத்தம்.

"கட்டுக்கு அடியில சின்னப் பாம்பு ஒண்ணு கெடந்துச்சு. வாலப் பிடிச்சுத் தூக்கி எறியப் போனேன். திரும்பிக் கடிச்சிருச்சு தாயி. சுடுதண்ணி வையி."

ஆறு வருஷமாகப் பாம்புக்குப் பயந்த மனுஷன், பாம்பைக் கண்டதும் பயத்தை மறந்து வலையில் கிடந்ததைப்போல எடுத்திருக்கிறார். கை பழக்கத்தில் செய்துவிட்டது. நிலத்துப் பாம்புக்கு வெளியிலும் தெம்பு உண்டு என்பது அந்தக் கைக்குத் தெரியவில்லை.

அவரைச் சொல்லி என்ன? நான் செய்ததைச் சொல்கிறேன். பாம்பு கடித்தால் கட்டுப்போடாதே, கீறாதே, கையை அசைக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போ என்று படம் போட்ட தாள் என் வகுப்பறைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. ஒட்டியது நான். வாரம் ஒருமுறை பிள்ளைகளைச் சத்தமாகப் படிக்க வைப்பதும் நான்தான். சுடுதண்ணி என்று அய்யா சொன்னதும் அந்தத் தாள் என் தலையிலிருந்து உதிர்ந்துபோனது. திருக்கை குத்தினால் பொறுக்கிற அளவு சூட்டில் காலை முக்கி வைப்போம், வலி இறங்கும். எனக்கு எட்டு வயதாக இருக்கும்போது அய்யா பல்லைக் கடித்துக்கொண்டு வந்து உட்கார, அம்மா சட்டியில் ஊற்ற ஊற்ற அவர் முகம் தெளிந்ததைப் பார்த்தவள் நான். அதே போல உலைத் தண்ணீரை வாளியில் மொண்டு ஊற்றி, அவசரத்தில் கொஞ்சமே கொஞ்சம் பச்சைத் தண்ணீர் கலந்தேன். மணிக்கட்டு வரை கையை விட்டார். ஆற ஆற இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். போதுமா என்று கேட்டேன், இன்னும் ஊத்து என்றார். பாம்புக்கடியை இரண்டு பேருமாகச் சேர்ந்து மீன்முள்ளாக்கிக்கொண்டிருந்தோம்.

வாசலில் என் கணவரின் பைக் சத்தம் கேட்டது. அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. வெட்கத்தில் முதல் வேலையாக வாளித் தண்ணீரைக் கிணற்றடியில் கொட்டினேன். பாம்பு கடிச்சிருச்சு என்று மட்டும் இவரிடம் சொன்னேன்.

அய்யாவை நடுவில் உட்கார வைத்து, நான் பின்னால் ஏறி, மூன்று பேரும் தூறலில் வழுக்குகிற ரோட்டில் அரசு மருத்துவமனைக்குப் போனோம். தலைக்கவசம் ஒருவருக்கும் இல்லை. எதிரே மணல் லாரி ஒன்று ஒதுங்காமல் வந்தது. அந்தப் பயணத்தை இப்போது நினைத்தால் பாம்பைவிட அந்த லாரிதான் என்னை நடுங்க வைக்கிறது. அன்றைக்கு அது கண்ணிலேயே படவில்லை.

மருத்துவர் இளம் பெண். என்ன பாம்பு என்று கேட்டார். பழுப்பா இருந்துச்சு, மேல ஏதோ வரி என்றார் அய்யா. கடலில் பிடித்த மீனைத் தோலைத் தொட்டே பெயர் சொல்கிறவருக்கு அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை. என் கணவர் முகம் வெளுத்துவிட்டது. சுருட்டைவிரியனாக இருக்கலாம், கண்ணாடிவிரியன் குட்டியாக இருக்கலாம் என்று என் காதில் சொன்னார். மருத்துவர் ரத்தம் எடுத்து ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் விட்டு மேசை ஓரத்தில் நிறுத்தி வைத்தார். யாரும் அதைத் தொடக் கூடாது, இருபது நிமிஷம் கழித்துச் சாய்த்துப் பார்ப்பேன், ரத்தம் உறைந்திருந்தால் நல்லது, தண்ணியாகவே ஓடினால் விரியன் விஷம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம் என்றார்.

நான் குழாயைப் பார்த்தேன், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், அய்யாவின் கையைப் பார்த்தேன். கை வீங்கிக்கொண்டிருந்தது. சிவந்து, பளபளப்பாகி, புறங்கையில் ஒரு கொப்புளம் கிளம்பியது. மருத்துவருக்கும் அது பிடிக்கவில்லை. சிவப்பு முடிகிற இடத்தில் பேனாவால் கோடு போட்டார். வீக்கம் இவ்வளவு வேகமாக வருகிறதே, விஷமுறிவு மருந்தை ஏற்ற வேண்டியிருக்கும் போலிருக்கிறது என்று செவிலியரிடம் சொன்னார். அய்யாவுக்கு இளைப்பு, ஆஸ்துமா எதுவும் உண்டா என்று கேட்டார். உண்டு, குளிர்காலத்தில் மருந்து இழுப்பார் என்றேன். விஷமுறிவு மருந்தே சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் மூச்சுத் திணறல் கொண்டுவரும், இவருக்குக் கூடுதல் கவனம் வேண்டும், ஆனாலும் விஷம் ஏறியிருந்தால் கொடுத்தே ஆக வேண்டும் என்றார்.

அய்யா என்னைப் பார்த்தார். சுடுதண்ணியைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. மருமகன் முன்னால் மகள் திட்டு வாங்கக் கூடாது என்று நினைத்திருக்கிறார். கொப்புளம் யாருடைய வேலை என்று அந்த அறையில் எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும். நான் பேசாமல் இருந்தால், தேவையா இல்லையா என்று தெரியாத ஒரு மருந்து, இளைப்புக்காரரின் உடம்புக்குள் இறங்கப் போகிறது. வெட்கமா அய்யாவா என்று ஒரு நொடி நான் யோசித்தேன் என்பதை நினைத்தால் இன்றும் என்மேல் எனக்குக் கோபம் வருகிறது.

"டாக்டர், நான் உலைத்தண்ணி ஊத்தி அதுல கைய முக்க வச்சேன். பத்து நிமிஷம்."

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். மருத்துவர் அய்யாவின் கையை விளக்குக்குக் கீழே இழுத்துத் திருப்பினார். கடிபட்டது விரல். சிவப்போ விரல், உள்ளங்கை, புறங்கை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி. அது வளையல் போட்ட மாதிரி மணிக்கட்டைச் சுற்றி நேர்கோட்டில் நின்றிருந்தது. வாளியில் தண்ணீர் நின்ற உயரம் அது. பேனாக் கோட்டை ஒரு மயிரிழைகூடத் தாண்டவில்லை.

அவ மேல தப்பில்லம்மா, நாந்தான் ஊத்தச் சொன்னேன் என்றார் அய்யா. சரி, முதலில் குழாயைப் பார்ப்போம் என்றார் மருத்துவர்.

இன்னும் ஆறு நிமிஷம் இருந்தது. எங்கள் ஊர்க் கோயிலில் படித்து நான் மறந்துபோன ஜெபங்கள் எல்லாம் வரிசையாக வந்தன. பாதியில் தகவல் கேட்டு என் மாமியார் வந்துவிட்டார். வேலையிடத்திலிருந்து அப்படியே, கையில் மண்ணோடு, இடுப்பில் ஒரு பொட்டலத்தில் திருநீறோடு. நான் தடுக்கலாமா என்று யோசிப்பதற்குள் அய்யாவின் அருகே போய்விட்டார். அய்யா குனிந்து நெற்றியைக் காட்டினார். மாமியார் பூசிவிட்டார். கழுத்தில் மாதா உருவம் தொங்க, நெற்றியில் திருநீறோடு என் அய்யாவைப் பார்ப்பேன் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

மருத்துவர் குழாயை எடுத்து மெதுவாகச் சாய்த்தார். ரத்தம் அசையவில்லை. தலைகீழாகக் கவிழ்த்தார். அடியில் கெட்டியாக ஒட்டிக்கொண்டு அப்படியே நின்றது. செவிலியர் சிரித்தார். இவர் சுவரில் சாய்ந்து மூச்சை விட்டார். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்படி ஒரு நிம்மதியை நான் அதுவரை அனுபவித்ததில்லை.

ஒரு தடவை உறைந்தால் போதாது என்று ஒருநாள் முழுக்க வைத்திருந்து மறுபடி மறுபடி சோதித்தார்கள். இமை தொங்குகிறதா, விழுங்க முடிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் ரத்தம் உறைந்தது. விஷமில்லாத பாம்பாக இருக்கலாம், விஷப்பாம்பே விஷத்தை இறக்காமல் கடித்திருக்கவும் கூடும், இனிமேல் அதைத் தெரிந்துகொள்ள வழி இல்லை என்றார் மருத்துவர். என் கணவர் வயலுக்குப் போய் ஒவ்வொரு கட்டையும் கம்பால் புரட்டிப் பார்த்துவிட்டு வந்தார். ஒன்றும் இல்லை. கடைசியில் அய்யாவுக்கு நடந்த வைத்தியம் ஒரு ஊசியும் தீக்காயக் களிம்பும்தான். பாம்பு வைத்த இரண்டு புள்ளி இரண்டு நாளில் ஆறிவிட்டது. நான் வைத்த புண் ஆற இரண்டு வாரம் ஆனது.

ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மருத்துவர் திட்டவில்லை. மீன்முள்ளுக்கு நீங்கள் செய்வது சரிதான், இதற்கு அது இல்லை என்று மட்டும் சொன்னார். இவர் வீட்டுக்கு வந்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார், அந்தத் தாளை உன் வகுப்பில் ஒட்டியது யார் டீச்சர் என்று. இன்றுவரை ஏதாவது வாக்குவாதம் வந்தால் டீச்சர் என்று கூப்பிடுகிறார். நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

கடிபட்ட மறுநாள் மதியம் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். நான் மனதுக்குள் தயாராகத்தான் இருந்தேன். ஆறு வருஷம் கழித்து வந்தார், இரண்டாம் நாளே பாம்பு கடித்தது, இனி இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டார். நான் சொன்னேன்ல என்று அம்மாவிடம் சொல்லுவார். அதைக் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான், உயிரோடு சொல்கிறாரே, அது போதும் என்று நினைத்துக்கொண்டேன். என் கணவருக்கும் அதே நினைப்பு இருந்திருக்கும். ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்தி, தயங்கித் தயங்கிக் கேட்டார். தங்கச்சிமடத்துக்கு நேராகப் போகக் கார் ஏதும் பிடிக்கட்டுமா மாமா, பஸ்ஸில் இடிபட வேண்டாம் என்றார்.

அய்யா கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தார். நெற்றியில் திருநீறு பாதி அழிந்திருந்தது. என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"ஆறு வருசமா பாம்பு பாம்புன்னே சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். அதும் வந்து கடிச்சு முடிச்சிருச்சு. இனி என்னத்தச் சொல்லி வராம இருக்குறது? ஒங்க வீட்டுக்கே விடச் சொல்லு மாப்ள. பெட்டியில இன்னும் மீனு கெடக்கு."