ஒரு கைக்கு இரண்டு படம்

எக்ஸ்ரே அறைக்குச் சிரித்துக்கொண்டே வருகிறவர்களை இந்தப் பதினொரு வருஷத்தில் நான் பார்த்ததில்லை. செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது எங்கள் சென்டர். விழுந்த பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, செருப்பை எங்கே விட்டோம் என்றுகூடத் தெரியாமல் ஓடியிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் நம்ம ஆள்தான், பக்கத்தில் உட்காருங்கள்.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. கையோ காலோ, ஒரு எலும்புக்கு இரண்டு படம் எடுக்க வேண்டும். நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. நேர்ப்படத்தில் ஒளிந்துகொள்கிற முறிவு பக்கப்படத்தில் மாட்டிக்கொள்ளும். சிக்கல் என்னவென்றால், இரண்டாவது படத்துக்குக் கையைத் திருப்பியாக வேண்டும். வலி முழுக்க அந்தத் திருப்பலில்தான் இருக்கிறது.

தாயத்து

மேல்மலையனூர் அம்மன் கோயில் அமாவாசைக்கு மறுநாள் எங்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. ஸ்பெஷல் பஸ்ஸில் ஏறும்போது நசுங்கியவர்கள், இறங்கும்போது விழுந்தவர்கள் எல்லாரும் வரிசையில் நிற்பார்கள். அப்படி ஒரு நாள் வல்லத்திலிருந்து ஒரு அம்மா, ஐந்து வயதுப் பையனோடு வந்தார். பையனுக்கு மணிக்கட்டு வீங்கியிருந்தது. வீக்கத்தின் மேலேயே கறுப்புக் கயிறு, அதில் ஒரு செப்புத் தாயத்து. செம்பு எலும்பை மறைக்கும், அவிழ்த்துவிடுங்கள் என்றேன். "கோயில்ல கட்னது, அவுக்கக் கூடாது" என்று ஒரே பிடிவாதம்.

கடைசியில் முழங்கைப் பக்கம் ஏற்றிக் கட்டச் சம்மதித்தார். படம் எடுத்துத் திரையில் காட்டினேன். எலும்பில் மெல்லிய விரிசல். படத்தின் ஓரத்தில் தாயத்து வெள்ளையாக, பளிச்சென்று விழுந்திருந்தது. அந்த அம்மா விரிசலைப் பார்க்கவே இல்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டு சொன்னார்: "எலும்ப வுடு தம்பி, அம்மா எவ்ளோ தெளிவா வந்துக்கிறா பாரு!"

சவரியின் கேள்வி

தொண்டூர்ப் பக்கத்து விவசாயி சவரிமுத்து. மணிலாக்கடலை மூட்டை அடுக்கின் மேல் ஏறி விளையாடிய அவருடைய நான்கு வயது மகள் கீழே விழுந்துவிட்டாள். முதல் படம் சுலபமாக முடிந்தது. இரண்டாவதுக்குக் கையைத் தொட்டதுமே அவள் போட்ட சத்தத்தில் வெளியே காத்திருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். "ஒன்னு எட்த்தாச்சு இல்ல, போதும் சார்" என்று சவரி என் கையைப் பிடித்தார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்க அழுதா எலும்பு ஒட்டிக்குமா? பாக்க முடியலன்னா வெளிய போங்க" என்று கத்தினேன். அவர் போகவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். நான் கையைத் திருப்பி, படத்தை எடுத்தேன். நேர்ப்படத்தில் ஒன்றுமே தெரியாத எலும்பு, பக்கப்படத்தில் நன்றாக வளைந்து முறிந்திருந்தது. பார்த்தீர்களா என்று வெற்றியோடு காட்டினேன். சவரி திரையைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: "ஒனக்குப் புள்ள இருக்குதா சார்?"

ஞாயிற்றுக்கிழமை

இருக்கிறாள். பெயர் தன்ஷிகா, யூகேஜி படிக்கிறாள். போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளையும் என் மனைவி தேவியையும் கோட்டைக்குக் கூட்டிப்போனேன். அடிவாரத்தில் பிள்ளைகள் சறுக்கிச் சறுக்கி வழவழப்பாக்கிய ஒரு பாறை உண்டு. நான் போனில் படம் பிடித்துக்கொண்டிருக்கும்போதே சறுக்கி வந்தவள், வலது கையை ஊன்றி விழுந்தாள்.

சென்டர் விடுமுறை. ஆனால் சாவி என் பையில் இருந்தது. டாக்டருக்குப் போன்கூடப் போடவில்லை. நமக்குத் தெரியாததா என்கிற நினைப்பு. நேர்ப்படம் எடுத்தேன், சுத்தமாக இருந்தது. பக்கப்படத்துக்காக மணிக்கட்டைத் தொட்டேன். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் பழக்கதோஷத்தில் திருப்பியிருப்பேன். உதட்டைக் கடித்துக்கொண்டு, "திருப்பாத நைனா" என்று மெதுவாகச் சொன்னாள். அவ்வளவுதான், என் கை நின்றுவிட்டது. மெஷினை அணைத்தேன். சுளுக்குதான் என்று துணிக்கட்டுப் போட்டுத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். பத்து வருஷமாக என் தொழில் கதையைக் கேட்டுக்கேட்டே பாதித் தொழில் கற்றுக்கொண்ட தேவி கேட்டாள்: "இன்னொரு படம் எடுப்பீங்களே, எடுக்கலியா?"

நடிப்பு

அடுத்த நாட்களில் தன்ஷிகா இடது கையால் சாப்பிட்டாள். பென்சிலையும் இடது கையால் பிடித்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? கிண்டல் செய்தேன். "சுளுக்குக்கு இவ்ளோ ஆக்டிங்கா?" என்று கேட்டேன். ஒரு நாள் தண்ணீர்ச் சொம்பைக் கீழே போட்டதற்காக அதட்டவும் செய்தேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

பத்து நாள் கழித்துக் குளிப்பாட்டும்போது தேவிதான் கவனித்தாள். வீக்கம் வடிந்த கை, மணிக்கட்டுக்கு மேலே லேசாக வளைந்திருந்தது. அன்றைக்குப் புதன்கிழமை, எலும்பு டாக்டர் எங்கள் சென்டருக்கு வருகிற நாள். பழைய படத்தைப் பார்த்தார். உறையைத் தலைகீழாகப் பிடித்து உதறிப் பார்த்தார். "பக்கப்படம் எங்க?" என்றார். எடுக்கலை சார் என்றேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "நீயாப்பா எடுக்கல?"

பாண்டிச்சேரி

எலும்பு வளைந்தபடியே ஒட்ட ஆரம்பித்திருந்தது. மயக்க மருந்து கொடுத்து, அதைப் பிரித்து மறுபடியும் நேராக்க வேண்டும் என்று பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அன்றே செய்திருந்தால் ஒரு மாவுக்கட்டோடு போயிருக்கும். ஒரு நிமிஷ வலியை மிச்சம் பிடிக்கப் போய், என் பிள்ளைக்கு ஆபரேஷன் தியேட்டரைக் காட்டிவிட்டேன். வெறும் வயிற்றோடு அவளைக் காத்திருக்க வைத்து, பசிக்குதா என்று கேட்கக்கூட தைரியமில்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

அதற்கு முன்னால் அங்கேயும் படம் எடுத்தார்கள். எக்ஸ்ரே அறையில் ஒரு சின்னப் பெண். தன்ஷிகாவை நான் பிடித்துக்கொள்ள, அவள் பேசிக்கொண்டே கையைத் திருப்பினாள். என் மகள் அலறினாள். போதும்மா என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். முடிந்ததும் அந்தப் பெண், "சார் என்ன வேலை பண்றீங்க?" என்று சாதாரணமாகக் கேட்டாள். செஞ்சியில் கடை வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அழுத கண்ணைக்கூடத் துடைக்காமல் தன்ஷிகா அவளிடம் சொன்னாள்: "பொய் சொல்றாரு. எங்க நைனாவும் எக்ஸ்ரேதான் எடுப்பாரு. வலிக்காம எடுப்பாரு."

வேர்க்கடலை

கட்டுப் பிரித்து மாதக்கணக்காகிறது. எலும்பு ஏறக்குறைய நேராகிவிட்டது. ஆனால் கையேந்தினால் உள்ளங்கை முழுதாக மேலே திரும்புவதில்லை, கொஞ்சம் சாய்ந்தே நிற்கிறது. வளர வளரச் சரியாகலாம் என்கிறார் டாக்டர். அந்த 'லாம்' என்கிற எழுத்துகளைப் பிடித்துக்கொண்டுதான் வீட்டில் எல்லாரும் இருக்கிறோம்.

போன வாரம் சவரி தன் மகளோடு வந்தார். அவித்த வேர்க்கடலை ஒரு பை நிறையக் கொண்டுவந்திருந்தார். ஸ்கூல் விட்டு வந்து என் நாற்காலியில் உட்கார்ந்திருந்த தன்ஷிகாவுக்கு ஒரு கை அள்ளிக் கொடுத்தார். அவள் வலது கையை நீட்டினாள். இரண்டு கடலை உருண்டு தரையில் விழுந்தன. சவரி மகள் குனிந்து பொறுக்கி, கையை அழகாக விரித்து நீட்டினாள். அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சவரி தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அன்னிக்கு நான் கேட்டத மனசுல வச்சிக்காதீங்க சார். நீங்க கல்லு மனசா இருந்ததாலதான் எம் பொண்ணு கை நேரா இருக்குது."

இத்தனை வருஷ சர்வீஸில் நான் எடுக்காமல் விட்டது ஒரே ஒரு படம், தினமும் நான் பார்த்துக்கொண்டிருப்பதும் அந்த ஒன்றைத்தான்.