கன்னையாவின் அளவுத் தட்டு

உச்சி வெயிலில் யார் பறிக்கச் சொன்னது என்று கேட்கிறீர்களே, கம்பெனி சார். யாரும் சொல்லவில்லை. காய் சொன்னது. முந்தின நாள் மழையில் கொடிக்குள் இறங்க முடியவில்லை. ஒரு நாள் விட்டால் ஊறுகாய் வெள்ளரி சுண்டுவிரலிலிருந்து சுரைக்காய்க்குப் போய்விடும். பெருத்ததை நீங்கள் எடுக்க மாட்டீர்கள். புத்தூர் சந்தையில் கூறு கட்டினால் மாடு வைத்திருப்பவன்தான் நின்று பார்ப்பான். அதனால் கன்னையா இறங்கினான். அங்கேயே விழுந்தான்.

சேதியும் உங்கள் போனில்தான் வந்தது. நகரி பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். “பெரியவரே, கன்னையா விழுந்துட்டாராமே. போயிட்டாருன்னு சொல்றாங்க. இன்னிக்கு லோடு வருமா?” மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டீர்கள்.

கன்னையாவைத் தெரிந்தவர்களுக்கு அவன் வாயும் தெரியும். காயை அளக்கக் கம்பெனி எல்லோருக்கும் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் தட்டு கொடுத்திருந்தது. சின்ன ஓட்டையில் நுழைந்தால் நல்ல விலை. பெரிய ஓட்டையிலும் நுழையாதது தள்ளுபடி. ஒரு நாள் நீங்கள் அவன் கூடையில் பாதியைத் தரையில் கொட்டினீர்கள். கன்னையா சண்டை போடவில்லை. உங்கள் கையைப் பிடித்துக் கட்டைவிரலைத் தட்டில் வைத்து அழுத்திப் பார்த்தான்.

“எதுலயும் நுழையலியே சார். உங்களையும் தள்ளுபடின்னு ஓரமாப் போட்டுடவா?”

நீங்கள் சிரித்தீர்கள். கொட்டினது கொட்டினதுதான்.

அவன் சம்சாரம் செத்த நாளை ஊர் மறக்கவில்லை. எங்கள் பக்கம் பிணம் எடுக்கும்வரை வீட்டுக்காரர்கள் நிலத்தில் கால் வைக்க மாட்டார்கள். அவன் வைத்தான்.

“இன்னாடா, அவளை வாசல்ல போட்டுட்டு காய் பறிச்சிக்கினு கீற?” என்று வரப்பில் நின்று கேட்டேன்.

நிமிராமலே சொன்னான்: “அவளுக்கு நேரம் இருந்திருந்தா பறிச்சி முடிச்சிட்டுத்தான் படுத்திருப்பா.”

எப்போதும் அவனைக் கிண்டல் செய்யும் எனக்குக் கிண்டல் வராமல் போனது அன்றைக்குத்தான்.

தொடர்ந்து சில நாள் காய் போகாவிட்டால் கம்பெனி அந்தத் தோட்டத்தையே விட்டுவிடும். பிறகு காய்ப்பதெல்லாம் குப்பை. மழையில் ஒரு நாள் போனது, அவன் செத்ததில் ஒரு நாள், பிணம் எடுத்ததில் ஒரு நாள். சேதி கேட்டுத் திருப்பதி ஓட்டல் வேலையை விட்டு ஓடி வந்த அவன் மகள் செல்விக்கும் இது தெரியும்.

இன்று காலை அவள் வாசலில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அவன் ஞாபகமாக அந்தத் தட்டை நான் வைத்துக்கொள்ளலாம் என்று முன்தினமே எடுத்து மடியில் செருகியிருந்தேன். அவளைக் கொஞ்சம் சிரிக்க வைக்க நினைத்துக் கட்டைவிரல் கதையை ஆரம்பித்தேன்.

“உங்க நைனா இன்னா பண்ணான் தெரியுமா? அந்த சாரு கையப் புடிச்சி...”

ரோட்டில் ஹாரன் அடித்தது. காலி கிரேட்டுகளை இறக்கிவிட்டுக் கம்பெனி வண்டி நகர்ந்தது. சாயங்காலம் லோடு எடுக்கத் திரும்பி வரும். செல்வி எழுந்தாள்.

“தட்டு உன்கிட்டதானே கீது மாமா? குடு.”

கொடுத்தேன். கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அவன் விழுந்த வரிசையிலேயே இறங்கினாள். இனி அவனிடமிருந்து எனக்கு மிச்சம் இந்தக் கதை ஒன்றுதான்.

“கட்டைவிரலை ஓட்டையில வச்சி அழுத்திட்டு...” என்று அவள் முதுகைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன்.