பினாங்குச் செடி

கம்பவுண்டர் வீட்டு வாசலில் முதன்முதலாகப் பார்த்தபோது அந்தச் செடி பூத்திருந்தது. ஆளுயரப் புதர். பளபளக்கும் சின்ன இலைகளுக்கு நடுவே தினையைக் கொத்துக் கொத்தாக ஒட்டிவைத்ததுபோல மஞ்சள் பூக்கள். வேம்பின் குடும்பம் என்று சொன்னால் நம்ப முடியாத அளவுக்கு இனிப்பான மணம். அவருடைய அண்ணன் பினாங்கிலிருந்து கொண்டுவந்து நட்டதாம். கம்பவுண்டர் பூவை நிழலில் உலர்த்தி டீத்தூளோடு கலந்து வைத்திருப்பார். எனக்கும் ஒரு டம்ளர் டீ கொடுத்தார்.

அப்போது நான் திருமயம் பக்கம் ஒரு நர்சரியில் பதியம் போடும் வேலையில் இருந்தேன். அரிமளத்திலிருந்த கம்பவுண்டர் வீட்டுக்கு என்னை அழைத்துப் போனவர் முதலாளி. அவரை நினைத்தால் இன்றும் எனக்கு அருவருப்புத்தான். யாரிடமும் உரக்கப் பேசமாட்டார். எதிராளியின் கையைப் பிடித்துத் தடவிக்கொண்டே பேசுவார். அன்றும் அப்படித்தான். "பத்தே பத்து கெளைங்கய்யா. செடிக்குத் தெரியவே தெரியாது." நெடுஞ்சாலையில் புதிதாகக் கட்டிய கல்யாண மண்டபத்துக்கு வேலிச்செடியாக இதைத் தருவதாக அவர் ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தார். வெட்டி நட்ட குச்சி இதில் லேசில் வேர்விடாது, பதியம்தான் வழி. கிளையில் விரலகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து, ஈரமான தேங்காய் நார்த்தூளை வைத்துப் பிளாஸ்டிக் தாளால் கட்டவேண்டும். கம்பவுண்டர் பக்கத்திலேயே நின்று பார்த்தார். பத்துக் கட்டினேன்.

அடுத்த வாரம் அவர் கண் ஆபரேஷனுக்காகத் திருச்சியிலிருக்கும் மகன் வீட்டுக்குப் போனார். மறுநாளே முதலாளி என்னைத் திரும்ப அனுப்பினார். "மிச்சத்துலயும் போட்டுரும்மா. ஐயாகிட்டப் பேசிட்டேன்." அவர் பேசியிருக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். போட்டேன். மூன்று மாதத்தில் வேர் இறங்கியதும், கம்பவுண்டர் இன்னும் திருச்சியிலேயே இருக்க, வண்டியோடு வந்து அத்தனை கிளைகளையும் வெட்டி ஏற்றினோம். மிஞ்சியது ஒரு மொட்டைத் தண்டு. சித்திரை வெயிலில் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் அதுவும் காய்ந்தது.

ஊர் திரும்பிய கம்பவுண்டர், கறுப்புக் கண்ணாடியோடு பஸ் பிடித்து நர்சரிக்கு வந்தார். சத்தம் போடவில்லை. "ஒரு கன்னு குடுங்க, போதும்" என்றார். முதலாளி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒங்களுக்கு இல்லாததாங்கய்யா?" என்னிடம் திரும்பி, மூலையில் இருந்த காமினிச் செடியை எடுத்துவரச் சொன்னார். பார்வைக்கு இரண்டின் இலையும் ஏறக்குறைய ஒன்றுபோலிருக்கும். ஆனால் அது எலுமிச்சை இனம், வெள்ளையாகப் பூக்கும். நல்ல கன்றுகள் எல்லாம் மண்டபத்துக்கு எண்ணிவைக்கப்பட்டிருந்தன. நான் காமினியை எடுத்துவந்து கம்பவுண்டர் கையில் கொடுத்தேன். ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கியபடி என் முகத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு, "வாரேன் தாயி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆறேழு மாதம் கழித்து, மனம் கேட்காமல் அவர் வீட்டுக்குப் போனேன். செடி நின்றிருந்த இடத்தில் காமினி வெள்ளையாகப் பூத்திருந்தது. அவர் அதற்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"ஐயா, இது வேற செடிங்கய்யா" என்றேன்.

"அன்னிக்கே தெரியும் தாயி. எலையக் கசக்குனா நாரத்த வாசம். பினாங்குச் செடி எலைக்கு வாசமே கெடையாது. கண்ணுதான் மங்கல், மூக்கு நல்லாத்தான இருக்கு. நீ சொல்லுவேன்னுதான் ஒன் மூஞ்சியையே பாத்துக்கிட்டு நின்னேன்."

முதலாளி மேல் எனக்கிருந்த அருவருப்பெல்லாம் அந்த இடத்தில் என் மேல் திரும்பியது. அந்த மாதமே வேலையை விட்டேன். மண்டபத்துத் தோட்டக்காரரிடம் கெஞ்சி, வேலியில் ஒரு கிளைக்குப் பதியம் போட்டு, வேர்விட்ட கன்றை அரிமளத்துக்குக் கொண்டுபோனேன்.

கம்பவுண்டர் அதைத் தொடக்கூட இல்லை. "வேணாம் தாயி. இதுக்கே தண்ணி ஊத்திப் பழகிட்டேன். அதை நீயே வச்சுக்க" என்றார். அந்தக் குரலில் கோபமே இல்லை. டீ குடிக்கச் சொல்லவுமில்லை.

அந்தக் கன்று இப்போது அன்னவாசலில் என் வீட்டு ஜன்னலோரம் ஆளுயரத்துக்கு நிற்கிறது. கேட்பவர்களுக்குப் பதியம் போட்டுத் தருகிறேன். வருகிறவர்கள் எல்லாம் மணத்தைப் புகழ்கிறார்கள். பூக்கும் நாட்களில் நான் ஜன்னலைத் திறப்பதில்லை.