இதயப் படம் போட்ட போத்தல்

அக்காவின் கிளினிக் கொப்பியில் டொக்டர் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு வரி இருக்கிறது. எங்கள் வீட்டில் அதை வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். இன்றுவரை யாருக்கும் அதை வாசித்துக் காட்டியதில்லை.

அக்கா நோட்டன் பிரிட்ஜ் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவள். சின்ன வயதில் வந்த காய்ச்சல் அவளுடைய இதய வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. நாற்பது வயதில் நெஞ்சைத் திறந்து செயற்கை வால்வு வைத்தார்கள். அன்றிலிருந்து இரத்தம் உறையாமலிருக்கத் தினமும் மாத்திரை, மாதமொரு இரத்தப் பரிசோதனை. சத்தமில்லாத நேரத்தில் அந்த வால்வு டிக் டிக்கென்று அடிப்பது பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும். "கையிக்கு ஒரு மணிக்கூடு வாங்கித் தராத மனுசன், நெஞ்சுக்குள்ள வாங்கி வச்சிட்டாரு" என்று மச்சானைக் கேலி செய்வாள். மச்சான், அதாவது அவள் புருஷன், வெட்கப்பட்டு வெளியே போய்விடுவார்.

அக்காவுக்குச் சிங்களம் கடைக்குப் போய்வரும் அளவுக்குத்தான் தெரியும். நானோ ஹட்டன் டவுனில் துணிக்கடையில் நாள் முழுக்கச் சிங்களத்தில் சேலை விற்பவள். அதனால் கிளினிக்கில் நான்தான் அவளுக்கு வாய். எனக்கு அதில் பெருமையும் உண்டு. டொக்டர் கேட்டால் அக்காவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பதில் சொல்லிவிடுவேன். எல்லாம் எனக்குத் தெரியுமென்ற திமிர்.

அந்தப் போத்தலை வாங்கியதும் நான்தான். எங்கள் கடைக்கு எதிரே மூலிகை மருந்துக் கடையொன்று திறந்தார்கள். கண்ணாடிக்குள் வரிசையாகப் போத்தல்கள், ஒவ்வொன்றிலும் சிவப்பாக ஓர் இதயப் படம். வெள்ளைப்பூண்டும் மருதம்பட்டையும் சேர்த்த குளிகை. "இயற்கையானது, கெடுதல் ஒண்ணும் வராது" என்றார் கடைக்காரர். பூண்டு குழம்பில் போடுவது, மருதம்பட்டை எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பாதிப்பேர் அவித்துக் குடிப்பது. இதில் என்ன வந்துவிடப் போகிறது? தீபாவளிக்குச் சேலைக்குப் பதிலாக அதை அக்காவின் கையில் கொடுத்தேன்.

"சேலக்கடையில வேல செய்றவ போத்தலக் கொண்டாந்து நீட்டுறா பாருங்க!" என்று சிரித்தாள். ஆனால் அன்றிலிருந்து ஒரு நாளும் தவறவிடவில்லை. சாமிப்படத்துக்குப் பக்கத்தில்தான் வைத்திருந்தாள்.

ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். எனக்கு ஆயிரம் பேர் தேவைப்படவில்லை.

கிளினிக்கில் நாட்டு மருந்தைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது என்பது எங்கள் லயத்தில் எழுதாத சட்டம். ஒருமுறை எங்களுக்கு முன்னால் இருந்த பெண்ணை, மருதம்பட்டைத் தண்ணீர் குடித்ததற்காக எல்லார் முன்னாலும் ஏசினார்கள். அந்தப் பெண் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனதை அக்காவும் பார்த்தாள், நானும் பார்த்தேன்.

தீபாவளிக்கு அடுத்த கிளினிக்கில் டொக்டர் இரத்த அறிக்கையைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார். இரத்தம் அளவுக்கு மீறி இளகியிருக்கிறது என்றார். பிறகு சிங்களத்தில் பொறுமையாகவே கேட்டார்: வேறு மருந்து, குளிகை, கஷாயம் ஏதாவது எடுக்கிறாரா?

"நெஹெ" என்றேன். இல்லை. அக்காவைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"என்னா கேக்குறாரு?" என்றாள் அக்கா.

"மாத்திரைய ஒழுங்கா போடுறியான்னு கேக்குறாரு."

டொக்டர் கொப்பியில் எழுதினார். மாத்திரையின் அளவைக் குறைத்து, ஒரு வாரத்தில் திரும்ப வரச் சொன்னார்.

பஸ்ஸில் அக்காவின் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். "மருந்தக் கொறச்சிட்டாங்கன்னா நெஞ்சு தேறிருச்சுன்னுதானே புள்ள அர்த்தம்?"

"பின்னே? எல்லாம் அந்தப் போத்தல் செஞ்ச வேல" என்றேன். அன்று முதல் ஒன்றுக்கு இரண்டாகக் குளிகை போட்டுக்கொண்டாள், போத்தலை வேலைக்கும் பையில் எடுத்துப் போனாள். அந்த வாரம் மலையில் கொழுந்து நிறைந்து கிடந்தது. கிளினிக்குக்குப் போனால் அன்றைய பேர் போய்விடும், ஒரு நாள் கூலிக்குத் தோட்டத்தில் பேர் என்றுதான் சொல்வோம். சுகமாகத்தானே இருக்கிறாள், அடுத்த மாதம் போகலாம் என்று நானும் தலையாட்டினேன். கையில் நீலம் பாய்ந்திருந்ததைக் காட்டினாள். தேயிலைச் செடியின் கிளை அடித்திருக்கும் என்றேன். அதற்கும் என்னிடம் பதில் இருந்தது.

பத்தாம் நாள் காலையில், கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவள் தலை வெடிக்கிறதென்று உட்கார்ந்தாளாம். அப்படியே சாய்ந்துவிட்டாள். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு நினைவில்லை. மூளையில் இரத்தக் கசிவு.

மச்சானை வார்டுக்கு வெளியே நிற்கச் சொல்லியிருந்தார்கள். உள்ளே ஓர் இளம் பெண் டொக்டர் என்னிடம் தமிழிலேயே கேட்டார்: "வேற ஏதாச்சும் மருந்து எடுத்தாங்களா?" அக்காவின் பையிலிருந்து போத்தலை எடுத்து நீட்டினேன். திருப்பித் திருப்பிப் படித்தார். "இதுதான் காரணம்னு உறுதியா சொல்ல முடியாது. ஆனா அந்த மாத்திரையோட இது சேந்தா இரத்தம் இன்னும் இளகலாம். கிளினிக்ல சொல்லியிருந்தா உடனே நிறுத்தச் சொல்லியிருப்பாங்க." அவர் ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

இரண்டு நாள் கட்டிலருகே அந்த டிக் டிக்கைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நின்றபோதும் நான்தான் பக்கத்தில் இருந்தேன்.

முப்பதாம் நாள் காரியம் கழிந்த பிறகு ஒரு நாள் மச்சான் கிளினிக் கொப்பியை எடுத்து வந்தார். "என்னாதான் எழுதியிருக்காங்க? வாசிச்சுச் சொல்லு புள்ள."

வாசித்தேன். திகதி, இரத்த அளவு, குறைத்த மாத்திரை, திரும்ப வரவேண்டிய நாள். நடுவில் ஒரு வரி இருந்தது: வேறு மருந்து எதுவும் எடுப்பதில்லை என்கிறார். அதைத் தாண்டிப் போனேன்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் மச்சான்."

அவர் கொப்பியை மடித்துப் பழையபடி பிளாஸ்டிக் பைக்குள் வைத்தார். "அப்ப நாம செய்ய வேண்டியத எல்லாம் செஞ்சிருக்கோம்" என்று சொல்லி என் தலையைத் தடவிவிட்டுப் போனார்.